தேவாலயத் தோட்டத்தில் கீரை அழுகுகிறதா?

கேள்வி: மலேசியாவின் பினாங்கு மாநிலத்துப் பட்டர்வொர்த்தில் எங்கள் தேவாலயத்துக்குப் பின்னால் 20க்கு 30 அடி இடம் இருக்கிறது. தாமான் (குடியிருப்புப் பகுதி) வாசிகளும் வந்து பயிர் செய்யக் கற்கவும், சற்று நேரம் அமைதியாக உட்காரவும் தோட்டம் போட்டோம். அக்டோபரில் விதைத்த முளைக்கீரை ஒரு விரல் உயரம் வந்ததும் சாய்ந்து அழுகிவிட்டது. எங்கே தவறு?

பதில்: சாய்ந்த நாற்று ஒன்றைப் பிடுங்கிப் பாருங்கள். தண்டு மண்ணைத் தொடும் இடத்தில் பழுப்பேறி நூல்போல மெலிந்திருந்தால் அது நாற்றழுகல். நீர் தேங்கிய மண்ணிலும், நெருக்கமாகத் தூவிய விதையிலும்தான் இது பரவும். பினாங்கின் செப்டம்பர், அக்டோபர் மழையில் களிமண் தரை வடியாது. மருந்தைத் தேடாமல் மேட்டுப்பாத்தி கட்டுங்கள்.

நீளம் 8 அடி, அகலம் 4 அடி, உயரம் 1 அடி. இதைவிட அகலமானால் நடுவில் கை எட்டாது, உள்ளே இறங்கி மிதிப்பார்கள்; மிதித்த மண் இறுகி மறுபடியும் நீர் நிற்கும். ஒரு பாத்திக்கு ஏறத்தாழ 32 கன அடி கலவை வேண்டும்: மேல்மண் 3 பங்கு, மட்கிய எரு 2 பங்கு, மணல் 1 பங்கு. கோழி எருவைப் பச்சையாகப் போடாதீர்கள். வேர் கருகும், ஈ மொய்க்கும், நாற்றம் முதலில் போய்ச் சேருவது நீங்கள் அழைக்க நினைக்கும் அண்டைவீட்டுக்குத்தான். கலவையை நனைத்து இரண்டு வாரம் ஆறவிடுங்கள். அமிழ்ந்த அளவுக்கு மேலே நிரப்பிய பிறகு, அரைத் தேக்கரண்டி விதையை ஒரு கிண்ணம் உலர்மணலில் கலந்து தூவுங்கள். முதல் 10 நாள் மழைத்துளி நேராக அடிக்காமல் நிழல்வலை கட்டுங்கள். 25, 30 நாளில் பறிக்கலாம்.

எலும்புத்தூள் உரம் எந்த விலங்கினுடையது என்று தெரியாவிட்டால் வாங்கவே வேண்டாம். முஸ்லிம் அண்டைவீட்டாரும் தயங்காமல் மண்ணில் கை வைக்க வேண்டுமே. இரண்டு பாத்தியோடு தொடங்கி, ஒன்றை முழுதாக வெளியிலிருந்து வருபவர்களிடம் விடுங்கள். என்ன நடுவது என்பதையும் அவர்களே முடிவு செய்யட்டும். கங்கோங்கும் (நீரில் வளரும் கீரை) செரையும் (எலுமிச்சைப்புல்) வளர்த்துப் பழகிய மக்சிக் (மலாய் அத்தை) ஒருவர் வந்தால், அன்றைக்கு அவர்தான் ஆசிரியர். பாத்திகளுக்கு இடையே சக்கர நாற்காலி போக 3 அடி வழி விடுங்கள்.

பெஞ்சை மரத்துக்கோ சுவருக்கோ கிழக்கே போடுங்கள். மாலை வெயில் முகத்தில் அடிக்காது. உட்கார்ந்தவர் கண்ணுக்குச் செடி தெரிய வேண்டும், கார் நிறுத்துமிடம் அல்ல. கொசு கடித்தால் ஜெபிக்க வந்தவரும் எழுந்து போய்விடுவார். டெங்கி பரப்பும் ஏடிஸ் கொசுவின் முட்டை கொசுவாக 7 முதல் 10 நாளே ஆகும். ஆகவே வாரம் தவறாமல் தொட்டித் தட்டு, வாளி, அன்னாசி இலையிடுக்கு எல்லாவற்றிலும் தேங்கிய நீரைக் கொட்டிவிடுங்கள்.