ஊசி போட்டும் ரோகு முட்டை விடாதது ஏன்?

சேரன்மகாதேவி பக்கம் பண்ணைக்குட்டை வைத்திருக்கும் வாசகர் ஒருவர் கேட்கிறார்: “ஆனிச் சாரல் விழுந்ததும் ரோகு தாய் மீன்களை மத்தியானம் வலை இழுத்துப் பிடித்தோம். ஒரே சிமெண்ட் தொட்டியில் விட்டு, அன்று சாயங்காலமே ஓவாப்ரிம் (முட்டை விடத் தூண்டும் ஹார்மோன் ஊசி) போட்டோம். பாதி மீன் முட்டை விடவில்லை. ஜீன் சரியில்லை, வேறு தாய் மீன் வாங்குங்கள் என்கிறார்கள். வாங்கலாமா?”

அவசரப்பட்டு வாங்காதீர்கள். ஜீன் இருப்பது வேறு, அது வேலை செய்வது வேறு.

மீன் மிரளும்போது ஏறும் கார்டிசோல், சினை வளர்க்கும் எஸ்ட்ரடயால் இரண்டுமே கொலஸ்ட்ராலில் இருந்து உண்டாகிற ஸ்டீராய்டுகள். படிப்படியாக அதை மாற்றும் நொதிகள் ஒவ்வொன்றுக்கும் ஒரு ஜீன் உண்டு. கார்டிசோல் சுரப்பது தலைப்பக்கச் சிறுநீரகத்தில். சினைப்பையிலோ அரோமட்டேஸ் என்ற நொதி டெஸ்டோஸ்டிரோனை எஸ்ட்ரடயாலாக்குகிறது. அது கல்லீரலுக்குப் போய் மஞ்சள் கருவுக்கான புரதத்தைச் செய்ய வைக்கிறது. ஆண் மீனில் இன்னொரு விசேஷம்: கார்டிசோலுக்கும் ஆண் ஹார்மோனான 11-கீட்டோடெஸ்டோஸ்டிரோனுக்கும் ஒரே நொதி தேவை. வரிக்குதிரை மீனில் அதன் ஜீனை முடக்கிப் பார்த்தார்கள், இரண்டுமே குறைந்துபோயின.

வலையில் சிக்கிய சில நிமிடங்களிலேயே கார்டிசோல் ஏறிவிடும். சும்மா விட்டால் சில மணி நேரத்தில் இறங்கத் தொடங்கும். அதனால் பெரிய கெடுதல் இல்லை. நெரிசல், வெயில், ஆக்சிஜன் குறைவு என்று நாள்கணக்கில் தொடர்ந்தால்தான் வினை. மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி அனுப்பும் தூண்டுதல் தளர்கிறது, எஸ்ட்ரடயால் குறைகிறது. ரெயின்போ டிரவுட் மீனில் இப்படித் தொந்தரவு தொடர்ந்தபோது முட்டை சிறுத்தது, குஞ்சுகள் பிழைப்பதும் குறைந்தது.

ஓவாப்ரிம் பிட்யூட்டரியைத்தான் உசுப்புகிறது. அப்போது சினைப்பை எஸ்ட்ரடயால் செய்வதை விட்டு, முட்டையை முதிர வைக்கும் வேறொரு ஸ்டீராய்டுக்கு மாறவேண்டும். சினை முற்றாத மீனுக்கு எத்தனை ஊசி போட்டாலும் அந்த மாற்றம் வராது. உங்கள் பாதி மீன்களில் இதுதான் நடந்திருக்கும் என்பது என் கணிப்பு.

அடுத்த முறை விடியற்காலையில் வலை போடுங்கள். முந்தின நாள் தீவனம் வேண்டாம். ஈரத்துணியில் ஏந்தி வயிற்றைத் தொட்டுப் பாருங்கள்: மெத்தென்று, பின்துளை சிவந்து தடித்திருந்தால் சரி. கல்லாக இருந்தால் குட்டைக்கே திருப்பி விடுங்கள். ஆணின் மார்புத் துடுப்பு சொரசொரப்பாக இருக்கும். வயிற்றை லேசாக அழுத்தினால் விந்துப் பால் வரும். தேர்ந்த மீன்களை ஆண், பெண் பிரித்து, நிழலில், ஓடும் தண்ணீரில் விடுங்கள். நன்றாக அடங்கிய பிறகு சாயங்காலம் ஊசி. பெண்ணுக்குக் கிலோவுக்கு 0.3 முதல் 0.4 மில்லி போதும். முட்டை வரவில்லையே என்று அளவைக் கூட்டாதீர்கள்.

அப்புறம், ஜீனைச் சந்தேகப்பட ஒரே ஒரு காரணம் உண்டு. உங்கள் தாய் மீன்கள் எல்லாம் ஒன்றிரண்டு ஜோடியின் வாரிசுகளாகவே தலைமுறை தலைமுறையாக வந்திருந்தால், ஆண் மீன்களை மட்டுமாவது வேறு பண்ணையிலிருந்து மாற்றுங்கள்.