பீரியட்ஸ் தலையிடிக்கு சுக்குக் குடிநீர் மட்டும் காணுமோ?

காணாது தங்கச்சி, தலையிடிக் குளிசையை விட்டிட்டு சுக்குக் குடிநீரை மட்டும் நம்பாதேங்கோ, ரெண்டும் சேர்ந்து போகலாம். இஞ்சி ஒற்றைத் தலையிடிக்கும் ஓங்காளத்துக்கும் கொஞ்சம் உதவும் எண்டு சின்னச் சின்ன ஆய்வுகள் இருக்கு, ஆனா பீரியட்ஸோட வாற தலையிடியை அது மாத்தும் எண்டு ஒருத்தரும் இன்னும் காட்டேல்ல.

மூண்டு மாசமாக் குடிச்சும் கேக்கேல்ல எண்டு எழுதியிருக்கிறீங்கள், நீங்கள் பிந்திக் குடிக்கிறீங்கள் போல. பீரியட்ஸுக்கு முன்னம் ஈஸ்ட்ரோஜன் எண்ட பெண் ஹோர்மோன் டக்கெண்டு இறங்கிறதாலதான் இது கிளம்புது, தலை வெடிக்கிற நேரம் வயிறும் மெதுவாத்தான் வேலை செய்யும், அப்ப குடிநீர் என்ன குளிசை என்ன உள்ள போய் சுணங்கித்தான் பிடிக்கும்.

கலண்டர்ல தலையிடி வாற நாளையும் பீரியட்ஸ் வாற நாளையும் குறியுங்கோ. முதல் நாளுக்கு 2 நாள் முன்னமிருந்து 3ஆம் நாளுக்குள்ள, 3 மாசத்தில 2 மாசமாவது ஒற்றைத் தலையிடி வந்தா, அது பீரியட்ஸோட வாறதுதான். அந்த நாளுகளில தலையிடி தொடங்கின உடனயே கால் தேக்கரண்டி சுக்குத்தூள் சுடுதண்ணியில. எங்கட அம்மம்மா சுக்கை கல்லில உரைச்சு நெத்தியில பத்துப் போடுவா, எரியும், ஆனா கண்ணை மூடிக்கொண்டு இருட்டுக்குள்ள படுக்க வைக்கும், பாதிச் சுகம் அதிலதான்.

பரியாரியார் தாற சூரணத்தில என்ன கிடக்கெண்டு கேட்டு வையுங்கோ. ரத்தம் உறையாமக் குளிசை போடுறனீங்கள் எண்டா சுக்கும் டொக்டரைக் கேட்டுத்தான். தலையிடிக்கு முன்னம் கண்ணுக்குள்ள மின்னல் மாதிரி தெரியிற ஆள் எண்டா குடும்பக்கட்டுப்பாட்டுக் குளிசை எடுக்கிறதை டொக்டரிட்டக் கட்டாயம் சொல்லுங்கோ, ஈஸ்ட்ரோஜன் உள்ள குளிசை எண்டா பக்கவாத ஆபத்து கூடும்.