கார் கேள்வி – பதில்: சூப்பர்சார்ஜர் மாட்டும் முன்

கேள்வி: 2 லிட்டர் பெட்ரோல் மிட்சுபிஷி லான்சர் சீடியா வைத்திருக்கிறேன். வீட்டிலேயே சூப்பர்சார்ஜர் (இன்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கும், பெல்ட்டில் ஓடும் பம்ப்) மாட்ட ஆசை. எந்த வகை வாங்கலாம்? அந்தக் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் வைத்தே ஆக வேண்டுமா?
– வியாசர்பாடி வாசகர்

பதில்: திருவள்ளூரில் அசெம்பிள் ஆன வண்டி. இன்றைக்கு அதற்கு வயதாகிவிட்டது. அதனால் முதல் செலவு, சிலிண்டர் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரஷன் கேஜுக்குத்தான். இன்ஜினைச் சூடாக்கி, நான்கு பிளக்கையும் கழற்றி, ஃபியூயல் பம்ப் ஃப்யூஸை எடுத்துவிட்டு, ஆக்சிலரேட்டரை முழுதாக மிதித்தபடி செல்ஃப் அடித்துப் பாருங்கள். சிலிண்டருக்குச் சிலிண்டர் 10 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் வந்தால் சூப்பர்சார்ஜரை மறந்துவிட்டு இன்ஜின் வேலையைப் பாருங்கள்.

சென்ட்ரிஃபியூகல் வகையில் ஆர்.பி.எம். ஏற ஏறத்தான் பூஸ்ட், அதாவது கூடுதல் காற்றழுத்தம், கிடைக்கும். 2,500-இல் பெயரளவுக்குத்தான் இருக்கும். எண்ணூர் சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே நெளிந்து போகிறவருக்கு அதனால் என்ன பயன்? குறைந்த ஆர்.பி.எம்.மிலேயே பூஸ்ட் தரும் ரூட்ஸ் வகையை வாங்குங்கள். 2002–06 மினி கூப்பர் எஸ்-ஸில் வந்த ஈட்டன் எம்45 ஒரு சுற்றுக்கு சுமார் 0.74 லிட்டர் காற்றைத் தள்ளும். பழைய பீஸ் என்றால் கையால் சுற்றிப் பாருங்கள், கரகரவென்று உரசக் கூடாது. மினியில் வாட்டர் பம்ப்பை ஓட்டுவதும் இந்த சூப்பர்சார்ஜர்தான். அதற்கான பின்பக்க கியரில் ஆயில் வற்றிப் பல் தேய்வது அதன் பிறவி நோய். பின்மூடியைத் திறந்து பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள்.

கிராங்க் புல்லி 135 மி.மீ., சூப்பர்சார்ஜர் புல்லி 75 மி.மீ. என்றால் விகிதம் 1.8. இன்ஜின் 6,000 சுற்றும்போது அது 10,800 சுற்றும். 14,000-ஐத் தாண்ட விடாதீர்கள். இன்டர்கூலர் இருந்தால் இந்த அளவில் ஏறக்குறைய 6 பி.எஸ்.ஐ. கிடைக்கும்.

இன்டர்கூலர் விஷயத்தில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். மே மாதம் 40 டிகிரியில் உள்ளே போகும் காற்று 6 பி.எஸ்.ஐ. அழுத்தத்தில் ரூட்ஸை விட்டு வரும்போது 100 டிகிரியைத் தொடும். மீட்டரில் அழுத்தம் 40 சதவீதம் கூடியதாகத் தெரியும். ஆனால் சூட்டில் காற்று விரிந்துவிடுவதால் சிலிண்டருக்குள் கூடுதலாகப் போவது 18 சதவீதம்தான். அதே காற்றை 60 டிகிரிக்கு இறக்கினால் 32 சதவீதம். நாக்கிங்கும் (பெட்ரோல் கலவை கட்டுப்பாடின்றித் தானாக வெடிப்பது) குறையும்.

ஏர் ஃபில்டரை பம்பருக்குள் இறக்கி வைக்காதீர்கள். மழைக்காலத்தில் கணேசபுரம் சுரங்கப்பாதைப் பக்கம் ஒரு வாய் தண்ணீரை உறிஞ்சினாலே கனெக்டிங் ராடு வளைந்துவிடும்.

கேள்வி: சூப்பர்சார்ஜர் மாட்ட, பழைய இன்ஜெக்டர், பழைய இ.சி.யூ. (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) போதும் என்கிறார் மெக்கானிக். சரியா?
– பெரம்பூர் வாசகர்

பதில்: தவறு. கணக்கை நீங்களே போட்டுப் பார்க்கலாம். சூப்பர்சார்ஜர் வைத்த இன்ஜின், ஒரு குதிரைத்திறனுக்கு மணிக்கு 0.6 பவுண்டு பெட்ரோல் குடிக்கும். 150 குதிரைத்திறனுக்கு 90 பவுண்டு. நான்கு இன்ஜெக்டருக்குப் பிரித்தால் ஆளுக்கு 22.5. எதையும் 80 சதவீதத்துக்கு மேல் திறந்து வைக்கக் கூடாது என்பதால் 28 பவுண்டு, அதாவது நிமிடத்துக்கு 295 சி.சி. பங்க்கில் இப்போது ஊற்றுவது 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20. அதற்கு சுமார் 8 சதவீதம் கூடுதலாக வேண்டும். 320 ஆகிவிட்டது. 360 சி.சி. வாங்கினால் நிம்மதி.

இன்னொரு பொறி, மேனிஃபோல்டு அழுத்தத்தை அளக்கும் மேப் சென்சார். 1 பார் சென்சார் வளிமண்டல அழுத்தத்தோடு நின்றுவிடும். பூஸ்ட் ஏறுவதே இ.சி.யூ.வுக்குத் தெரியாது, பெட்ரோல் பத்தாமல் லீனாகி, பிஸ்டனில் ரிங் உட்காரும் இடம் உடையும். 2 பார் சென்சாரும், டியூன் செய்யக்கூடிய இ.சி.யூ.வும், காற்று–பெட்ரோல் விகிதத்தைக் காட்டும் வைட்பேண்ட் ஆக்சிஜன் சென்சாரும் ஒரே மூச்சில் வாங்க வேண்டியவை. முழு பூஸ்ட்டில் அது காட்டும் லாம்டா (1-க்குக் கீழே என்றால் பெட்ரோல் அதிகம்) 0.80 அருகே இருக்கட்டும். இக்னிஷன் டைமிங்கை 1 பி.எஸ்.ஐ.க்கு 1 டிகிரி வீதம் பின்னுக்கு இழுத்து ஆரம்பியுங்கள். பிளக் ஒரு படி கோல்டாக (சூட்டை வேகமாகக் கடத்துவது), அதன் முனை இடைவெளியான கேப் 0.7 மி.மீ. என்.ஜி.கே.யில் எண் கூடினால் கோல்டு. சில கம்பெனிகளில் தலைகீழ்.

கேள்வி: 4,000 ஆர்.பி.எம். தாண்டினால் சூப்பர்சார்ஜர் பெல்ட் கிரீச்சிடுகிறது. இரண்டு முறை கழன்றே விழுந்துவிட்டது. டென்ஷனரை இறுக்கியும் பலனில்லை.
– தண்டையார்பேட்டை வாசகர்

பதில்: இறுக்க இறுக்க சூப்பர்சார்ஜரின் மூக்கு பேரிங்தான் போகும். பெல்ட்டின் ஓரத்தில் கறுப்புத் தூள் படிந்து, புல்லியின் ஒரு பள்ளம் மட்டும் பளபளக்கிறதா? அப்படியானால் புல்லிகள் நேர்கோட்டில் இல்லை. இரும்பு ஸ்கேலை இரண்டு புல்லி முகத்திலும் சேர்த்து வையுங்கள், 300 மி.மீ. தூரத்தில் 1.5 மி.மீ.க்கு மேல் விலகல் கூடாது. நின்ற இடத்தில் சரியாக இருந்து, ரேஸ் செய்யும்போது மட்டும் விலகினால் பிராக்கெட் வளைகிறது. போனை ஸ்டாண்டில் வைத்து ஸ்லோமோஷனில் எடுத்தால் தெரிந்துவிடும். முகத்தை பெல்ட் பக்கம் கொண்டுபோகாதீர்கள். லேத் பட்டறையில் 10 மி.மீ. பிளேட்டில் பிராக்கெட் வெட்டச் சொல்லி, பிளாக்கோடு முக்கோணமாகத் தாங்கு கொடுங்கள். அதற்குப் பிறகும் கத்தினால், பெல்ட் சின்னப் புல்லியைப் பாதிச் சுற்றாவது தழுவுகிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் ஓர் ஐட்லர் (பெல்ட்டைத் திருப்பிவிடும் துணைப் புல்லி) சேர்க்க வேண்டும். அதை கிராங்க் புல்லியை விட்டு பெல்ட் வெளியேறும் பக்கம் வையுங்கள், தளர்ந்த பக்கம் அதுதான்.

கேள்வி: ஆர்.சி.யில் பிரச்சினை வருமா?
– கொருக்குப்பேட்டை வாசகர்

பதில்: வரும். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு இப்படிப்பட்ட மாற்றத்துக்கு இடம் தருவதில்லை. 182ஏ பிரிவில் ஒரு மாற்றத்துக்கு ரூ. 5,000 அபராதம், 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். இன்ஷூரன்ஸ் க்ளெய்மும் சிக்கலாகும். சோழவரம் ஓடுதளத்தில் ரேஸ் நடந்த காலம் போய்விட்டது. இருங்காட்டுக்கோட்டை டிராக்குக்கு டிரெய்லரில் ஏற்றிப் போய் ஓட்டுங்கள்.

கேள்வி: சூப்பர்சார்ஜர் மாட்டிய மறுநாளே ஆயில் டிப்ஸ்டிக் எகிறி வெளியே வருகிறது. ரிங் போய்விட்டதா?
– ராயபுரம் வாசகர்

பதில்: அவசரப்பட்டு இன்ஜினை இறக்காதீர்கள். முதலில் பி.சி.வி. ஹோஸைப் பாருங்கள். மேனிஃபோல்டில் வேக்கம் இருந்தவரை அது கிராங்க்கேஸ் புகையை உறிஞ்சியது. இப்போது பூஸ்ட் அதே ஹோஸ் வழியாக கிராங்க்கேஸுக்குள் ஊதுகிறது. ஹோஸில் ஒரு செக் வால்வ் போடுங்கள். வாயால் ஊதினால் மேனிஃபோல்டு பக்கம் மட்டும் காற்று போக வேண்டும். வால்வ் கவரின் இன்னொரு குழாயை, புகையிலுள்ள ஆயிலைப் பிடித்து வைக்கும் கேட்ச் கேன் வழியாக சூப்பர்சார்ஜருக்கு முன்னால் உள்ள ஏர் பைப்பில் சேருங்கள். பிரேக் பூஸ்டர் ஹோஸின் செக் வால்வையும் அதே கையோடு ஊதிப் பாருங்கள். பழசாக இருந்தால் மாற்றிவிடுங்கள். அதற்குள் பூஸ்ட் புகுந்தால் பிரேக் கல்லாகிவிடும். இத்தனைக்குப் பிறகும் டிப்ஸ்டிக் எகிறினால் கம்ப்ரஷன் கேஜை எடுங்கள்.