டோக்கியோவின் ஷின்ஜுகு ரயில் நிலையத்தில் ஏன் எல்லோரும் வழி தவறுகிறார்கள்?

அதை யாரும் ஒரே நிலையமாகத் திட்டமிட்டுக் கட்டவில்லை என்பதுதான் காரணம். 1885-இல் ஊருக்கு வெளியே ஒரு சிறிய நிறுத்தமாகத் தொடங்கியது. 1915-இல் கெயோ, 1927-இல் ஒடாக்யூ என்று தனியார் கம்பெனிகள் தங்கள் பாதைகளைக் கொண்டுவந்து பக்கத்தில் ஒட்டின. 1959-இல் மருனோவுச்சி சுரங்க ரயிலும் வந்தது. கூட்டுக் குடும்பத்து வீட்டில் ஆளாளுக்கு ஓர் அறை இழுத்துக் கட்டியது போலத்தான்! இன்றும் ஐந்து நிறுவனங்கள், அவரவர் டிக்கெட் கேட், அவரவர் பெயர்ப்பலகை.

அமைப்பு இதுதான்: நடுவில் ஜேஆர் (ஜப்பான் ரயில்வே) நிறுவனத்தின் 16 பிளாட்பாரங்கள் வடக்கு தெற்காக நீள்கின்றன. மேற்கே ஒடாக்யூவும் கெயோவும். கிழக்கு வாசல் கபுகிச்சோ என்ற கேளிக்கைப் பகுதியின் பக்கம். மேற்கு வாசல் வானளாவிகள் பக்கம். அந்த உயரக் கட்டடங்கள் நிற்பது 1965-இல் மூடப்பட்ட யோதோபாஷி குடிநீர் சுத்திகரிப்பு நிலையத்தின் இடத்தில். தெற்கு வாசல் சாலை மட்டத்தில், தண்டவாளங்களுக்கு மேலே இருக்கிறது. மாடிக் கணக்கு குழம்புவது இங்கேதான்.

வாசல்கள் இருநூறுக்கும் மேல். கிழக்கிலிருந்து மேற்கே டிக்கெட் இல்லாமல் நேராகக் கடக்கும் அகலமான சுரங்கப் பாதை 2020-இல்தான் திறந்தது. அதற்கு முன் சுற்றித்தான் போக வேண்டும். அப்புறம் ஒன்று: செய்பு ஷின்ஜுகு என்பது வேறு நிலையம், சில நிமிட நடை. நண்பரைச் சந்திக்க வேண்டுமா? நிலையத்தின் பெயரை மட்டும் சொல்லாதீர்கள், வாசலின் பெயரையும் சேர்த்துச் சொல்லுங்கள்.