முதல் நாளில் ராஜா வேண்டாம்

சதுரங்கம்: வாசகர் கேள்வி, ஆசிரியர் பதில்

கோடை விடுமுறை நெருங்குவதாலோ என்னவோ, இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை குழந்தைகளுக்குச் சதுரங்கம் சொல்லித்தருவதைப் பற்றியே இருக்கின்றன. ஒரே பொருளில் வந்தவற்றைச் சேர்த்து, சிலவற்றைச் சுருக்கி எழுதியிருக்கிறேன்.

ஐயா, வணக்கம். ஆறு வயதுப் பேத்திக்குச் சதுரங்கம் கற்றுத்தர ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தேன். எல்லாக் காய்களின் நகர்வையும், செக், மேட், கேஸ்லிங் ஆகியவற்றையும் ஒரு மணி நேரத்துக்கு மேல் விளக்கினேன். மறுவாரம் பலகையை எடுத்தால், "தாத்தா, பரமபதம் விளையாடலாம்" என்கிறாள். எங்கே பிசகினேன்? (வாசகர், மதுரை)

பேத்தியின் பேச்சில் நியாயம் இருக்கிறது. பரமபதத்தில் தாயக்கட்டை உருண்டதுமே ஆட்டம் தொடங்கிவிடுகிறது. ஏணியில் ஏறுவதும் பாம்பில் இறங்குவதும் போகப்போகத் தானே புரிகின்றன. தங்கள் வீட்டிலோ ஒரு மணி நேரம் ஆட்டத்தைப் பற்றிய பேச்சு நடந்திருக்கிறதே தவிர, ஆட்டம் நடக்கவில்லை.

32 காய்களையும் அடுக்கி வைத்தால், வெள்ளைக் காய்களை ஆடுபவருக்கு முதல் நகர்த்தலிலேயே 20 வழிகள் இருக்கின்றன: சிப்பாய்களுக்கு 16, குதிரைகளுக்கு 4. கறுப்புக்கும் அதே 20. ஆளுக்கு ஒரு முறை நகர்த்துவதற்குள் 400 விதமான நிலைகள் வந்துவிடுகின்றன. நமக்கே தலை சுற்றும் இந்தக் கணக்கில், ஆறு வகைக் காய்களின் நடையையும் நினைவில் வைத்துக்கொண்டு ஒரு குழந்தை எதைத்தான் யோசிக்கும்?

ஆகவே முதல் நாளில் ராஜா, ராணி, யானை (ரூக்), மந்திரி (பிஷப்), குதிரை அனைத்தையும் பெட்டியிலேயே விட்டுவிடுங்கள். பலகையில் சிப்பாய்கள் மட்டும் நிற்கட்டும், இப்பக்கம் எட்டு, அப்பக்கம் எட்டு. நேராக ஒரு கட்டம் போகலாம், முதல் முறை மட்டும் விரும்பினால் இரண்டு கட்டம் போகலாம், வெட்டுவது மூலைவாட்டில் முன்னே ஒரு கட்டம். எதிர்க்கரையை முதலில் தொட்டவர் வென்றவர். யார் கரையையும் தொடாத நிலையில், தன் முறை வந்தும் நகர்த்த வழியில்லாதவர் தோற்றவர். இவ்வளவுதான் சட்டம். கடந்துபோகும் சிப்பாயை வெட்டும் அந்த வினோதமான விதியை இப்போது வாயில் எடுக்கவே வேண்டாம். ஓர் ஆட்டம் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். தோற்றவர் உடனே இன்னோர் ஆட்டம் கேட்பார்.

இதை வெறும் முன்விளையாட்டு என்று எண்ணிவிடாதீர்கள். என் வகுப்பில் ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி மூன்றாவது ஆட்டத்தில், ஒரே ஒரு வரிசை தவிர மற்ற எல்லா வரிசைகளிலும் சிப்பாய்கள் முட்டிக்கொண்டு நிற்கும் நிலைக்கு வந்தாள். அந்த ஒரு வரிசையில் அவளுடைய சிப்பாய் இன்னும் புறப்பட்ட இடத்திலேயே இருந்தது. எதிராளியின் சிப்பாய்க்கும் அதற்கும் இடையே மூன்று கட்டங்கள் காலி. இரண்டு கட்டம் தள்ளக் கையை நீட்டியவள், காயைத் தொடுவதற்கு முன் கையை இழுத்துக்கொண்டு, விரலால் காற்றில் எண்ணிப் பார்த்தாள். பிறகு ஒரே கட்டம் தள்ளினாள். எதிரே இருந்த பையன் ஒரு கட்டம் வந்தான், இவள் இன்னொரு கட்டம் போனாள், அவனுக்குப் போக இடமில்லை. இரண்டு கட்டம் தள்ளியிருந்தால் தோற்றது இவளாக இருந்திருக்கும். முதிர்ந்த ஆட்டக்காரர்கள் இறுதிக்கட்டத்தில் மண்டையை உடைத்துக்கொள்ளும் கணக்கு இது. அவளுக்கு இதை நான் சொல்லித்தரவில்லை, யாரும் சொல்லித்தரவும் இல்லை.

அடுத்த வாரம் ஒரு யானையை ஐந்து சிப்பாய்களுக்கு எதிராக நிறுத்துங்கள். ஒன்றுகூடக் கரையேறாமல் அத்தனையையும் வெட்டினால் யானைக்கு வெற்றி. ஒன்று தப்பிக் கரையேறினால் சிப்பாய்களுக்கு வெற்றி. எளிதாக இருந்தால் ஆறு சிப்பாய் வையுங்கள், கடினமாக இருந்தால் நான்காகக் குறையுங்கள். பிறகு மந்திரிக்கு எதிராக மூன்று சிப்பாய்கள். அதன் பின் தனி ராணிக்கு எதிராக எட்டுச் சிப்பாய்கள். இந்தக் கடைசி ஆட்டத்தில் குழந்தைகள் கூச்சலிடாமல் நான் பார்த்ததில்லை. ஒவ்வொரு காயின் பலமும் மனப்பாடமாக இல்லாமல் கைப்பழக்கமாக வந்துவிடும். ராஜா வருவது கடைசியில்தான். அவரை இழந்தால் ஆட்டமே போய்விடும் என்பது, மற்ற காய்களை இழந்து பழகிய பிறகுதான் குழந்தைக்கு உறைக்கும்.

1921இல் உலகச் சாம்பியனான கியூபாவின் கபாபிளாங்கா, அதே ஆண்டு வெளியான தம் பாடநூலைத் தொடக்க நகர்த்தல்களில் ஆரம்பிக்கவில்லை. ஓரிரு காய்களே மிஞ்சிய நிலையில் ராஜாவைத் தப்ப வழியில்லாமல் மடக்கும் எளிய மேட்டுகளில்தான் ஆரம்பித்தார். காய்கள் குறைவாக இருந்தால்தான் ஒவ்வொன்றும் என்ன செய்கிறது என்று கண்ணுக்குத் தெரியும். நான்காவது அல்லது ஐந்தாவது வாரத்தில் முழு ஆட்டத்துக்குப் போகலாம். அதுவரை ஒரு நாளைக்கு இருபது நிமிடம் போதும். பேத்தி நடுவில் பரமபதம் கேட்டால் அதையும் விளையாடுங்கள்.

என் தாத்தா ராணியை "மந்திரி" என்பார். பள்ளியில் வேறொரு காயை "மந்திரி" என்கிறார்கள். யானை என்பதா, கோட்டை என்பதா என்றும் குழப்பம். எது சரி? (வாசகி, திருநெல்வேலி)

தாத்தா சொன்னதற்கும் ஆதாரம் உண்டு. பழைய இந்திய ஆட்டத்தில் ராஜாவுக்குப் பக்கத்தில் நின்றவர் மந்திரிதான். மூலைவாட்டில் ஒரே ஒரு கட்டம் மட்டும் நகரும் எளிய காய் அது. பதினைந்தாம் நூற்றாண்டின் இறுதியில் ஐரோப்பாவில்தான் அந்த இடத்தில் இருந்த ராணிக்கு எல்லாத் திசையிலும் பாயும் வல்லமை வந்தது. நான் ராஜா, ராணி, மந்திரி, குதிரை, யானை, சிப்பாய் என்ற பெயர்களையே பயன்படுத்துகிறேன். தங்கள் வீட்டில் எந்தப் பெயர் புழக்கத்தில் இருக்கிறதோ அதுவே போதும். போட்டிக்குப் போகும்போது ஆங்கிலப் பெயர்களை ஒரே நாளில் பழகிக்கொள்ளலாம்.

மற்ற காய்கள் எல்லாம் வந்துவிட்டன. குதிரை மட்டும் என் மாணவர்களுக்கு வரமாட்டேன் என்கிறது. "எல் வடிவம்" என்று எத்தனை முறை சொன்னாலும் தப்பாகவே வைக்கிறார்கள். (பள்ளி ஆசிரியர், தஞ்சாவூர்)

எழுத்து வடிவத்தைச் சொல்லித்தருவதில் ஒரு சிக்கல் இருக்கிறது. நானும் ஒரு காலத்தில் தமிழுக்கு ஏற்றபடி "ட" போலப் போகும் என்று சொல்லிப் பார்த்தேன். முதல் வகுப்புப் பையன் ஒருவன் குதிரையைக் கீழ்ப்பக்கமாகவும் வலப்பக்கமாகவும் மட்டுமே நகர்த்திக்கொண்டிருந்தான். காரணம் கேட்டால், "ட-வைத் தலைகீழாக எழுதினால் டீச்சர் அடித்துவிடுவார்கள்" என்றான். அன்றோடு எழுத்தை விட்டுவிட்டேன்.

இப்போது நான் சொல்வது நிறத்தை. வெள்ளைக் கட்டத்தில் நிற்கும் குதிரை கறுப்புக் கட்டத்தில்தான் இறங்கும். கறுப்பில் நின்றால் வெள்ளையில் இறங்கும். இதைச் சொல்லிவிட்டால் பாதித் தவறுகளைக் குழந்தையே திருத்திக்கொள்ளும். மீதிக்கு வேர்க்கடலை இருக்கிறது. நடுக்கட்டத்தில் குதிரையை வைத்து, அது தாவக்கூடிய எட்டுக் கட்டங்களிலும் கட்டத்துக்கொரு கடலையை வையுங்கள். சுற்றிலும் ஒரு வட்டம் போலத் தெரியும். பிறகு குதிரையை மூலையில் வைத்துக் கடலையை வைக்கச் சொல்லுங்கள். இரண்டே இரண்டுதான் வைக்க முடியும். ஓரத்துக் குதிரை ஏன் இளைத்த குதிரை என்பதை அதன் பிறகு விளக்க வேண்டியதில்லை. முடிவில் பலகை முழுவதும் பத்துக் கடலையைத் தூவி, குறைந்த தாவல்களில் யார் எல்லாவற்றையும் எடுக்கிறார் என்று போட்டி வைக்கலாம். எடுத்ததைத் தின்னலாம்.

சற்றுப் பெரிய மாணவர்கள் இருந்தால் ஒரு சுவையான செய்தியைச் சொல்லுங்கள். சுமார் 700 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த வேதாந்த தேசிகர், திருவரங்கப் பெருமாளின் பாதுகைகளைப் பாடிய பாதுகா ஸஹஸ்ரத்தில், 32 அசைகள் கொண்ட ஒரு சுலோகத்தை அமைத்திருக்கிறார். அதை நான்கு வரிசைகளில் எட்டெட்டாக எழுதி, குதிரையின் தாவலில் கட்டத்துக்குக் கட்டம் வாசித்துச் சென்றால், எந்தக் கட்டத்தையும் இருமுறை தொடாமல் அடுத்த சுலோகம் கிடைக்கிறது. அதாவது பாதிப் பலகையைக் குதிரை முழுவதும் சுற்றி வந்துவிடுகிறது. அதே பாதிப் பலகையில் 1 முதல் 32 வரை எண் போட்டுக் குதிரையை ஓட்டிப் பார்க்கும்படி எட்டாம் வகுப்புக்கு ஒரு வெள்ளிக்கிழமை கொடுத்துப் பாருங்கள். திங்கட்கிழமை காலையில் தங்கள் மேசைக்கு முன் கூட்டம் நிற்கும்.

மகன் தோற்றால் அழுகிறான், பலகையைக் கவிழ்த்துவிடுகிறான். அவனுக்காக நான் வேண்டுமென்றே தோற்கலாமா? (வாசகி, கோயம்புத்தூர்)

இரகசியமாகத் தோற்க வேண்டாம். பிள்ளைகள் கண்டுபிடித்துவிடுவார்கள், அதன் பிறகு உண்மையாக வென்றாலும் நம்பமாட்டார்கள். வெளிப்படையாகப் பலத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். "எனக்கு ராணி வேண்டாம், நீ எல்லாக் காயோடும் ஆடு" என்று தொடங்கி, அவன் மூன்று முறை தொடர்ந்து வென்றால் ராணியைத் திரும்ப எடுத்துக்கொண்டு ஒரு யானையை மட்டும் விட்டுக்கொடுங்கள். தாங்கள் இழந்த காய் ஒவ்வொன்றாகப் பலகைக்குத் திரும்புவதே அவனுக்குப் பதக்கம்.

இன்னொரு வழி எனக்கு மிகவும் பிடித்தது. அவன் நிலைமை மோசமாகும்போது ஆட்டத்தை நிறுத்தாமல் பலகையைத் திருப்பிவிடுங்கள். இனி அவன் படை தங்களுடையது, தங்கள் படை அவனுடையது. ஓர் ஆட்டத்துக்கு ஆளுக்கு ஒரு முறை திருப்பலாம் என்று விதி வைத்துக்கொண்டால், எப்போது திருப்புவது என்பதே பெரிய யோசனையாகிவிடும். கவிழ்த்த பலகையைப் பொறுத்தவரை, சிதறிய காய்களை அவனே பொறுக்கி அடுக்கட்டும். வேறு தண்டனை தேவையில்லை.

பள்ளியில் ஒரு நண்பன் என் மகளை நான்கே நகர்த்தலில் மேட் செய்துவிடுகிறானாம். தினமும் இதே கதை. (வாசகர், ஈரோடு)

அந்த நண்பனுக்குத் தெரிந்தது பெரும்பாலும் அது ஒன்றாகத்தான் இருக்கும். ராஜா பக்கத்து மந்திரிக்கு முன்னால் நிற்கும் சிப்பாயைக் கவனியுங்கள். தொடக்கத்தில் அதற்கு ராஜாவைத் தவிர வேறு காவல் இல்லை. நண்பன் தன் மந்திரியையும் ராணியையும் வெளியே கொண்டுவந்து அந்த ஒரு கட்டத்தைக் குறிவைக்கிறான்.

மறுமருந்து எளிது. இருவரும் ராஜாவின் முன்னுள்ள சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளியிருப்பார்கள். அவன் மந்திரியை எடுத்ததும், மகள் ராணி பக்கத்துக் குதிரையை முன்னே கொண்டுவந்து தன் நடுச்சிப்பாய்க்குக் காவல் வைக்கட்டும். அவன் ராணி பலகையின் ஓரத்துக்கு வந்ததும், ராஜா பக்கத்துக் குதிரைக்கு முன்னுள்ள சிப்பாயை ஒரு கட்டம் தள்ளினால் ராணி ஓட வேண்டியதுதான். ராணி பின்வாங்கி வேறொரு வழியில் அதே கட்டத்தைக் குறிவைத்தால், ராஜா பக்கத்துக் குதிரை முன்னே வந்து வழியை மறைத்துவிடும். முதல் குதிரையை வெளியே எடுக்காமல் சிப்பாயைத் தள்ளிவிடக் கூடாது. ராணி நடுச்சிப்பாயை வெட்டிச் செக் கொடுத்து, மூலையில் இருக்கும் யானையையும் கொண்டுபோய்விடும்.

வீட்டில் இதை மாற்றி மாற்றி ஆடுங்கள்: முதலில் மகள் தாக்கட்டும், தாங்கள் தடுங்கள், பிறகு மாறிக்கொள்ளுங்கள். தாக்கிப் பார்த்தவருக்குத்தான் தடுப்பது விளையாட்டாகத் தெரியும்.

எனக்கு ஓரளவுதான் ஆடத் தெரியும். மகளை உடனே பயிற்சி வகுப்பில் சேர்த்துவிடுவதுதான் நல்லதா? (வாசகி, சென்னை)

ஓரளவு தெரிந்தால் தாராளம். விஸ்வநாதன் ஆனந்த் ஆறு வயதில் காய் நகர்த்தக் கற்றது தம் தாயாரிடம். குடும்பம் சில காலம் மணிலாவில் இருந்தபோது அங்கே தொலைக்காட்சியில் பகலில் சதுரங்க நிகழ்ச்சி வரும். மகன் பள்ளியில் இருப்பான் என்பதால் தாயார் புதிரைக் குறித்துவைப்பார், மாலையில் இருவரும் சேர்ந்து விடை தேடுவார்கள். அந்தப் பையன் 1988இல் இந்தியாவின் முதல் கிராண்ட் மாஸ்டர் ஆனான். மகளோடு சேர்ந்து யோசிக்கத் தாங்கள் மகளைவிடத் திறமையாக ஆட வேண்டிய கட்டாயமில்லை; விடை தெரியாமல் தாங்களும் விழிப்பதைப் பார்ப்பது குழந்தைகளுக்கு ஒரு தனி மகிழ்ச்சி.

வகுப்புக்குப் போக மகளே கேட்கும்போது சேர்த்துவிடுங்கள். 2024இல் 18 வயதில் உலகச் சாம்பியனான குகேஷ் ஏழு வயதில் தொடங்கியபோது வாரத்துக்கு மூன்று நாள், நாளுக்கு ஒரு மணி நேரம்தான். சேர்த்த மாதமே ரேட்டிங் எவ்வளவு என்று கேட்கும் பெற்றோரை நான் நிறையப் பார்க்கிறேன்; அவர்கள் பிள்ளைகள்தான் ஆறாம் மாதத்தில் கீபோர்டு வகுப்புக்கு மாறிவிடுகிறார்கள்.

எங்கள் வீட்டுப் பெட்டியில் இரண்டு சிப்பாயும் ஒரு குதிரையும் காணவில்லை. புதிது வாங்குவதா? (வாசகர், காரைக்குடி)

சிப்பாய்க்குப் புளியங்கொட்டை போதும், குதிரைக்கு ஒரு பாட்டில் மூடி. வாங்குவதானால், காந்தம் வைத்த சிறிய பெட்டியைத் தவிர்த்துவிடுங்கள். சிறு விரல்கள் ஒன்றைத் தூக்கினால் மூன்று கூடவே வரும். போட்டிகளில் வைக்கும் ராஜா சுமார் ஒன்பதரை சென்டிமீட்டர் உயரம். அந்த அளவில் பிளாஸ்டிக் காய்களும், சுருட்டி வைக்கக்கூடிய ரெக்ஸின் பலகையும் விளையாட்டுப் பொருள் கடைகளில் கிடைக்கும். பாயில் உட்கார்ந்து ஆடவும் அதுவே வசதி.