சிறிய டிராக்டருக்கு எந்த லோடர் பக்கெட் பொருந்தும்?

கேள்வி: தேவகோட்டை வட்டத்தில் எட்டு ஏக்கர் வைத்திருக்கிறேன், பன்னிரண்டு மாடுகளும் உள்ளன. நான்கு சக்கர இழுவை கொண்ட 27 குதிரைத்திறன் டிராக்டருக்கு முன்புற லோடர் மாட்ட முடிவு செய்துள்ளேன். குப்பைக்குழியில் எரு அள்ளுவது, கோடையில் கண்மாய் வண்டல் எடுப்பது, சீமைக்கருவேலம் வளர்ந்து கிடக்கும் இரண்டு ஏக்கரைத் திருத்துவது ஆகிய மூன்றும் என் தேவைகள். லோடரின் தூக்கும் திறன், பக்கெட் மாட்டும் இரும்புப் பின்னின் (முளையின்) மையத்தில் 450 கிலோ என்றும், அதற்கு 50 செ.மீ. முன்னால் 330 கிலோ என்றும் தாளில் அச்சிட்டிருக்கிறார்கள். பட்டறையில் மூன்று பக்கெட்டுகள் காட்டினார்கள்: 0.35 கன மீட்டர் கொள்ளும் பெரியது, எடை 160 கிலோ, 0.20 கன மீட்டர் கொள்ளும் சம விளிம்புள்ளது, 110 கிலோ. அதே அளவில் பல் வைத்தது, 130 கிலோ. விலையில் பெரிய வித்தியாசம் இல்லாததால் பெரியதையே எடுத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். எதை வாங்கலாம்?

பதில்: ஐயா, 0.20 கன மீட்டர் கொள்ளும் சம விளிம்புப் பக்கெட்டையே வாங்குங்கள். பற்களைத் தனிப் பட்டையாகச் செய்து, தேவைப்படும்போது போல்ட்டில் மாட்டிக் கழற்றும்படி கேட்டு வாங்குங்கள். பெரிய பக்கெட் உங்கள் டிராக்டருக்கு ஆகாது. நீங்கள் தாளில் உள்ள எண்களையும் சேர்த்து எழுதியிருப்பதால், காரணத்தைக் கணக்காகவே காட்டிவிட முடிகிறது.

லோடர் வாங்குவோரில் பெரும்பாலோர் 450 கிலோ என்ற முதல் எண்ணைத்தான் மனத்தில் வைத்துக்கொள்கிறார்கள். பாரம் பின்னின் மேலேயே உட்காருவதில்லை. பக்கெட்டின் வயிற்றில், பின்னுக்கு முன்னால் தள்ளி உட்காருகிறது. ஆகையால் நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டிய எண் 330. பக்கெட்டின் சொந்த எடையையும் லோடரே தூக்க வேண்டும் என்பதால் அதிலிருந்து 110 கிலோவைக் கழித்தால் 220 மிஞ்சும். ஓட்டும்போது ஏற்படும் அதிர்ச்சிக்குக் கொஞ்சம் விட்டுவிட்டு, 200 கிலோவை உங்கள் வரம்பாக வைத்துக்கொள்ளுங்கள். 160 கிலோ பக்கெட்டை மாட்டினால் மிஞ்சுவது 170 கிலோதான். பக்கெட் பெரிதாகும்போது அள்ளக்கூடிய பாரம் குறைகிறது என்பதைக் கடைக்காரர் சொல்லவில்லை.

இனி என்ன அள்ளப் போகிறீர்கள் என்று பாருங்கள். ஈரமான கண்மாய் வண்டல் ஒரு கன மீட்டர் ஏறத்தாழ 1,700 கிலோ நிற்கும். பெரிய பக்கெட்டை அதனால் நிரப்பினால் 595 கிலோ ஆகிறது. அது அனுமதிக்கப்பட்ட பாரத்தைப் போல மூன்றரை மடங்கு. நன்கு மக்கிய தொழு உரம் கன மீட்டருக்கு 600 முதல் 700 கிலோ வரை இருக்கும் என்பதால் 0.20 பக்கெட்டை நிரப்பி அள்ளினாலும் 140 கிலோவுக்குள் அடங்கிவிடும். பச்சைச் சாணம் கிட்டத்தட்ட தண்ணீரின் எடைதான். அதுவும் 200 கிலோவில் நின்றுவிடும். வண்டலுக்கு மட்டும் பக்கெட்டைப் பாதிக்குச் சற்று மேலாக நிரப்பி நிறுத்த வேண்டும். 0.35 பக்கெட்டைத் தைரியமாக நிரப்பிக்கொள்ளத்தக்க பொருள் நம் பக்கத்தில் புதுவயல் ஆலைகளின் உமிதான். அது கன மீட்டருக்கு ஏறத்தாழ 100 கிலோதான் இருக்கும். உமி ஏற்றுவதே தொழிலாக உள்ளவர் அந்தப் பக்கெட்டை வாங்கலாம். உங்களுக்கு அந்த வேலை இல்லை.

“ஓட்டுபவர் நான்தானே, அளவறிந்து அரைப் பக்கெட் அள்ளிக்கொள்கிறேன்” என்று நீங்கள் நினைக்கலாம். வெயிலில், மாலைக்குள் வேலையை முடிக்கும் அவசரத்தில், அதுவும் கூலிக்கு ஓட்டுபவர் உட்கார்ந்திருக்கும்போது, பக்கெட்டில் இடம் இருந்தால் அது நிரம்பிவிடும். ஒரு மழைக்குப் பின் கண்மாய்க் கரையில், இரு சக்கர இழுவை கொண்ட சிறிய டிராக்டர் ஒன்று பெரிய பக்கெட்டில் ஈர வண்டலோடு திரும்பியபோது அதன் முன் சக்கரத் தண்டு முறிந்ததை நான் நேரில் பார்த்திருக்கிறேன். ஓட்டியவர் புதியவர் அல்லர். நல்லவேளையாக ஆளுக்குச் சேதமில்லை. ஆனால் அந்தக் குடும்பத்துக்கு அந்தப் பருவ உழவு போயிற்று. அன்றிலிருந்து பக்கெட்டின் அளவைப் பற்றி யார் கேட்டாலும் நான் சிறியதன் பக்கமே நிற்கிறேன்.

முன் ஆக்சிலின், அதாவது முன் சக்கரத் தண்டின், மேல் உண்மையில் எவ்வளவு பாரம் விழுகிறது என்பதை விளக்கிவிடுகிறேன். முன், பின் ஆக்சில்களுக்கு இடையே 150 செ.மீ. இருப்பதாகவும், பக்கெட்டும் பாரமும் சேர்ந்த 310 கிலோ முன் ஆக்சிலுக்கு 120 செ.மீ. முன்னால் தொங்குவதாகவும் வைத்துக்கொள்ளுங்கள். நெம்புகோல் கணக்குப்படி முன் ஆக்சிலில் 310 கிலோ அல்ல, 558 கிலோ கூடுகிறது. பின் சக்கரங்களிலிருந்து 248 கிலோ குறைகிறது. லோடர் சட்டத்தின் எடை இதற்கு மேல் தனி. பின் சக்கரம் இலேசாகும்போது இழுவையும் பிரேக்கும் குறைகின்றன. பள்ளத்தில் ஒரு முன் சக்கரம் இறங்கினால் வண்டி பக்கவாட்டில் சாய்வதற்கும் அதுவே வழிசெய்கிறது.

இதற்கு மாற்றாகப் பலரும் பின் டயரில் முக்கால் பங்கு தண்ணீர் நிரப்புகிறார்கள். செய்யலாம், நம் சீமையில் தண்ணீர் உறையும் அச்சமில்லை என்பதால் வெறும் தண்ணீரே போதும். ஆனால் அந்தத் தண்ணீர் பின் ஆக்சிலின் மேலேயே உட்காருவதால் முன் ஆக்சிலின் சுமையில் ஒரு கிலோகூடக் குறையாது. முன் ஆக்சிலைக் காக்க வேண்டுமானால் எடை பின் ஆக்சிலுக்கும் பின்னால், கலப்பை மாட்டும் மூன்று முனை இணைப்பில் தொங்க வேண்டும். 300 கிலோ எடையைப் பின் ஆக்சிலுக்கு 80 செ.மீ. பின்னால் தொங்கவிட்டால், முன் ஆக்சிலில் 160 கிலோ குறைந்து, பின் சக்கரங்களில் 460 கிலோ கூடும். இதற்கு விலை கொடுத்து எதையும் வாங்க வேண்டியதில்லை. நீளம், அகலம், உயரம் ஒவ்வொன்றும் 50 செ.மீ. உள்ள கான்கிரீட் கட்டி சரியாக 300 கிலோ வரும். உள்ளே கம்பி கட்டி, இரண்டு கீழ்ப் பின்களையும் மேல் இணைப்புக்கான காதையும் வார்க்கும்போதே பதித்துவிட்டால் காலத்துக்கும் உழைக்கும். அதை மாட்டாமல் லோடர் வேலைக்கு வண்டியைக் கிளப்பக் கூடாது என்று வீட்டில் ஒரு விதியாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

அகலத்துக்கு வருவோம். டயர்களின் வெளி விளிம்பிலிருந்து வெளி விளிம்பு வரை அளந்து, அதைவிட இரண்டு அங்குலமாவது பக்கெட் அகலமாக இருக்கும்படி பாருங்கள். அப்போதுதான் வழித்துச் சுத்தமான தடத்தில் சக்கரம் போகும். கொட்டகைச் சுவரை ஒட்டி வழிக்கும்போது டயர் சுவரில் உராயாது. அதற்கு மேல் அகலம் வேண்டாம். பக்கெட்டின் ஒரு மூலை மட்டும் கல்லில் முட்டும்போது பக்கெட்டைத் தாங்கும் லோடரின் கைகள் முறுகுகின்றன. பக்கெட் எவ்வளவு அகலமோ அந்த அளவுக்கு முறுக்கும் கூடும். பழைய வளவு வீடுகளில் மாட்டு வண்டி போக விட்ட பின்கட்டு வாசல் வழியாகத்தான் கொட்டகைக்குச் செல்ல வேண்டுமென்றால், அந்த வாசலையும் அளந்துகொண்டு பட்டறைக்குப் போங்கள்.

பல் வைத்த பக்கெட்டை நான் தள்ளிவிடுவதற்குக் காரணம், உங்கள் வேலையில் பெரும்பகுதி வழிப்பதும் அள்ளுவதும்தான். பல் கொட்டகைத் தரையைக் கீறும். வயலில் வண்டலைப் பரப்பும்போது கோடு கோடாக மேடு விடும். இறுகிய எருக்குவியலையும் காய்ந்த வண்டல் கட்டியையும் உடைக்க மட்டும் அது உதவும், அதற்கு மாட்டிக் கழற்றும் பட்டை போதும். தரையைத் தோண்டுவதற்கென்று பல்லை நம்ப வேண்டாம். நம் செம்பூராங்கல் தரை மழைக்குப் பின் மேலே இளகியதுபோலத் தெரிந்தாலும் ஒரு சாணுக்குக் கீழே கல்லாகவே இருக்கும். அதில் இந்த லோடரை ஓட்டி முட்டுவது கைகளை வளைக்கும் வேலை.

அந்தத் தரையின் சரளை இரும்பை அரம் போலத் தேய்ப்பதால், விளிம்புத் தகடு சாதாரண இரும்பாக இருந்தால் விரைவில் உருண்டுவிடும். தேய்மானம் தாங்கும் எஃகில், போல்ட்டில் பூட்டிய, ஒரு பக்கம் தேய்ந்ததும் திருப்பிப் போடக்கூடிய விளிம்பைக் கேளுங்கள். அடித்தகடு 6 மி.மீ.க்குக் குறையாமலும் அதன் அடியில் நீளவாக்கில் தேய்மானப் பட்டைகள் பற்றவைத்தும் இருக்கட்டும். லாரி ஸ்பிரிங் பட்டையை வெட்டி விளிம்பாகப் பற்றவைத்துத் தருகிறோம் என்று சிலர் சொல்வார்கள். ஸ்பிரிங் எஃகில் கரி அதிகம். முன்கூட்டிச் சூடேற்றாமலும் மெதுவாக ஆறவிடாமலும் பற்றவைத்தால் பற்றின் ஓரத்திலேயே விரிசல் விடும். அதற்கு ஒப்புக்கொள்ளாதீர்கள்.

டிராக்டரின் ஹைட்ராலிக்கையும் பார்த்துவிடுங்கள். தூக்குவதற்கு ஒன்று, கவிழ்ப்பதற்கு ஒன்று என இரண்டு இருவழி வால்வுகள் வேண்டும். தூக்கும் நெம்புகோலில் மிதவை நிலை இருந்தால் பக்கெட் தரையின் மேடுபள்ளத்தைத் தானாகத் தொடர்ந்து போகும் என்பதால் கொட்டகை வழிக்கும் வேலை பாதியாகிவிடும். 50 மி.மீ. விட்டமும் 50 செ.மீ. ஓட்டமும் உள்ள இரண்டு சிலிண்டர்களை நிரப்ப ஏறத்தாழ 2 லிட்டர் எண்ணெய் வேண்டும். பம்பு நிமிடத்துக்கு 20 லிட்டர் தந்தால் ஆறு நொடியில் கை உயரும். அதைவிட வெகுநேரம் எடுத்தால் பம்பையோ வடிகட்டியையோ சோதிக்க வேண்டும்.

கொட்டும் உயரத்தில் ஏமாந்தவர்கள் பலர். தாளில் எழுதியிருப்பது பெரும்பாலும் பக்கெட் பின்னின் உயரம். 60 செ.மீ. ஆழமுள்ள பக்கெட்டை 45 பாகையில் கவிழ்த்தால் அதன் உதடு 42 செ.மீ. கீழே இறங்கிவிடும். பின்னின் உயரம் 2 மீட்டர் என்றால் உங்கள் டிரெய்லரின் பக்கப் பலகை 1.5 மீட்டருக்கு மேல் போகக் கூடாது.

இப்போது உங்கள் மூன்று வேலைகளுக்கு வருகிறேன். எரு வேலைக்கு இந்த லோடர் மிகவும் ஏற்றது. ஒரு மாட்டுக்கு நாளொன்றுக்குப் பன்னிரண்டு கிலோ சாணம் என்று கொண்டாலும் மாதத்துக்கு நான்கு டன்னுக்கு மேல் சேரும். அதை இருபது, இருபத்தைந்து பக்கெட்டில் எடுத்துவிடலாம். வைக்கோல் கலந்த எருவில் பக்கெட் உள்ளே போகாமல் மேலே ஏறி வழுக்கும். கையில் பணம் சேரும்போது, அதே பின்களில் மாட்டும்படி கம்பிக் கவை ஒன்று செய்துகொள்ளுங்கள். உடனடியாக மாற்றிக்கொள்ளும் இணைப்புச் சட்டம் வசதிதான். ஆனால் அதுவும் எடை கூடியது, பாரத்தையும் முன்னால் தள்ளுவது. இந்த அளவு டிராக்டருக்கு நேரடிப் பின்களே நல்லது.

வண்டல் விஷயத்தில் என் கருத்து வேறு. வட்டாட்சியரின் அனுமதி பெற்று நன்செய் ஏக்கருக்கு 75 கன மீட்டர், புன்செய் ஏக்கருக்கு 90 கன மீட்டர் வரை வண்டல் எடுத்துக்கொள்ள அரசு விதி இடம் தருகிறது. ஒரு ஏக்கர் நன்செய்க்கான 75 கன மீட்டரை, பக்கெட்டுக்கு 0.12 வீதம் உங்கள் லோடரால் அள்ளினால் 625 தடவை போய்வர வேண்டும். தடவைக்கு இரண்டு நிமிடம் என்றாலும் இருபது மணி நேரத்துக்கு மேல் ஆகும், அதுவும் கண்மாயின் சேற்றுத் தரையில். ஏறத்தாழ ஒரு கன மீட்டர் அள்ளும் ஜேசிபிக்கு அதே வேலை எழுபத்தைந்து அள்ளல்தான். ஆகவே கண்மாய்க்குள் வாடகை இயந்திரத்தை இறக்கி டிரெய்லரில் ஏற்றச் செய்து, வயலில் கொட்டிய குவியல்களைப் புழுதி விதைப்புக்கு முன் பரப்புவதற்கு உங்கள் லோடரை வைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் வண்டல் காய்ந்து எடையும் குறைந்திருக்கும். வேளாண்மைப் பொறியியல் துறையின் இயந்திரங்களுக்கு உழவன் செயலியில் வாடகை முன்பதிவு உண்டு.

சீமைக்கருவேலத்தைப் பக்கெட்டால் தள்ளிப் பிடுங்க முயல வேண்டாம். அதன் ஆணிவேர் விடாது. விட்டுக்கொடுப்பது லோடரின் கையாகத்தான் இருக்கும். வேரோடு எடுக்கும் வேலையையும் வாடகை இயந்திரத்துக்கே விடுங்கள். வெட்டிய கிளைகளை ஒதுக்கும்போது முள் முன் டயரைத் துளைக்கும் என்பதால், லோடர் மாட்டும்போதே அதிக அடுக்குள்ள முன் டயருக்கு மாறிவிடுவதும், டயரின் பக்கவாட்டில் குறித்த உச்ச அளவுவரை காற்று வைப்பதும் நல்லது.

பாரத்தோடு போகும்போது பக்கெட் முழங்காலுக்குக் கீழே இருக்கட்டும். கரையில் ஏறும்போது முன்பக்கமாக ஏறி, இறங்கும்போது பின்பக்கமாக இறங்குங்கள். தேங்காய் பறிக்க, மட்டை வெட்ட என்று ஆளைப் பக்கெட்டில் நிற்கவைத்துத் தூக்குவதை எந்த அவசரத்திலும் அனுமதிக்காதீர்கள். ஒரு குழாய் வெடித்தால் பக்கெட் ஆளோடு கீழே விழும்.

முன்பணம் கொடுக்கும் முன், இந்த லோடரை மாட்டினால் டிராக்டரின் உத்தரவாதம் செல்லுமா என்பதை டிராக்டர் விற்பனையாளரிடம் எழுத்தில் வாங்கிவிடுங்கள். முன் ஆக்சில் தாங்கும் உச்ச எடையையும் அதே தாளில் கேட்டுக்கொள்ளுங்கள். மாட்டி முடித்ததும் பக்கெட்டில் 200 கிலோ மண், பின்னால் கான்கிரீட் கட்டி ஆகியவற்றோடு வண்டியை ஓர் எடை மேடைக்குக் கொண்டுபோய், முன் சக்கரங்களை மட்டும் ஏற்றி ஒரு முறை, பின் சக்கரங்களை மட்டும் ஏற்றி ஒரு முறை எடை போடுங்கள். முன் எடை அந்த உச்சத்துக்குள் இருக்க வேண்டும். பின் எடை மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் இருக்க வேண்டும் என்பது நான் கடைப்பிடிக்கும் அளவு. இரண்டில் ஒன்று தவறினாலும், கட்டியைப் பெரிதாக்கியோ அள்ளும் அளவைக் குறைத்தோ சரிசெய்த பிறகே வேலையில் இறக்குங்கள்.