செட்டிநாட்டு வீட்டு விடுதி: அறையைப் பார்க்கும் முன் அடுப்படியைக் கேளுங்கள்

கேள்வி: தை மாதம் சென்னையிலிருந்து அப்பா, அம்மாவுடன் கானாடுகாத்தானில் ஒரு பழைய செட்டியார் வீட்டு விடுதியில் இரண்டு இரவு தங்கப் போகிறோம். வாடகை கொஞ்சம் அதிகம்தான். காலை உணவு மட்டும் அதில் சேர்த்தி என்கிறார்கள். மற்ற வேளைகளுக்கு வெளியே சாப்பிட்டால் செலவு குறையுமா? அம்மா சைவம், முழங்கால் வலி உண்டு. அப்பாவுக்குச் சர்க்கரை. எதையெல்லாம் முன்கூட்டியே கேட்க வேண்டும்?

பதில்: செலவு குறையும். ஆனால் இரவுச் சாப்பாட்டுக்கு வெளியே போகாதீர்கள். கானாடுகாத்தான் பொழுது சாய்ந்தால் அடங்கிவிடுகிற ஊர். நல்ல மெஸ்களெல்லாம் காரைக்குடியில்தான். போய்வர முப்பது கிலோமீட்டர் வாக்கில் ஆகும், பெரியவர்களை வைத்துக்கொண்டு அந்த அலைச்சல் வேண்டாம். மதியம் ஊர் சுற்றும்போது வெளியே சாப்பிடுங்கள், இரவு தங்கும் வீட்டிலேயே சாப்பிடுங்கள். காரைக்குடியில் 'தி பங்களா' போன்ற இடங்களில் தங்காதவர்களும் முன்பதிவு செய்து மதிய இலைச் சாப்பாடு சாப்பிடலாம். ஒரு வேளையை அதற்கு ஒதுக்கலாம்.

இந்த மாதிரி விடுதிகளில் பெரும்பாலும் தலையெண்ணித்தான் உலை வைப்பார்கள். இரவு எட்டு மணிக்கு வந்து மெனு கார்டு கேட்டால் கிடைப்பது சப்பாத்தியும் பனீரும்தான். அதற்கா இவ்வளவு தூரம் வருவது? அறையை உறுதி செய்யும்போதே யார் சமைக்கிறார்கள், உள்ளூர்ச் சமையல் உண்டா, எத்தனை மணிக்குள் சொல்ல வேண்டும் என்று போனில் கேட்டுவிடுங்கள். இதற்குத் தெளிவாகப் பதில் சொல்லாத இடத்தை, அறை எவ்வளவு அழகாக இருந்தாலும் நான் தேர்ந்தெடுக்க மாட்டேன்.

அம்மாவுக்குக் கவலையே வேண்டாம். செட்டிநாடு என்றால் கோழி வறுவல் என்று வெளியூரில் நினைக்கிறோம். ஆனால் நகரத்தார் (செட்டிநாட்டுச் செட்டியார்கள்) கல்யாண விருந்தே சைவம்தான், அங்கே சைவச் சமையலில் வகைகள் ஏராளம். அரிசி களைந்த தண்ணீரில் புளி கரைத்து வைக்கிற வெண்டைக்காய் மண்டி, இடியாப்பத்துக்குத் தொட்டுக்கொள்ளக் கத்தரிக்காய் கோசமல்லி என்று பெயர் சொல்லியே கேளுங்கள். பொதுவாக 'வெஜ்' என்று சொல்லிவிட்டால் எல்லா ஊரிலும் கிடைப்பதுதான் இங்கேயும் வரும். காரத்துக்கும் பயப்பட வேண்டாம். வீட்டுச் சமையலில் சோம்பு, மிளகு, கல்பாசி வாசம்தான் முன்னே நிற்கும். மிளகாய்த்தூளை அள்ளிக் கொட்டுவது வெளியூர் ஓட்டல்கள் பழக்கிவிட்டது.

காலை உணவில் வெள்ளைப் பணியாரம் கேளுங்கள். பச்சரிசியும் உளுந்தும் அரைத்து, புளிக்க விடாமல் எண்ணெயில் ஒவ்வொன்றாக ஊற்றி எடுப்பார்கள். சூடாக, மிளகாய்த் துவையலோடு சாப்பிட வேண்டும். ஆறினால் அதன் அருமை போய்விடும். அதனால் பஃபேயில் எடுத்து வைத்ததைத் தொடாமல், உட்கார்ந்த பிறகு சுட்டுத் தரச் சொல்லுங்கள். கவுனி அரிசி என்கிற கறுப்பரிசி வேண்டுமென்றால் முதல் நாளே சொல்ல வேண்டும், இரவு முழுக்க ஊற வேண்டிய அரிசி அது. அப்பா விஷயத்தில் இங்கேதான் கவனம் தேவை. கறுப்பரிசி சர்க்கரைக்கு நல்லது என்று யாராவது சொல்லியிருப்பார்கள். ஆனால் இங்கே அதைச் சர்க்கரையும் தேங்காயும் நெய்யும் சேர்த்து இனிப்பாகத்தான் செய்வார்கள். ஒரு கரண்டியோடு நிறுத்திக்கொள்ளட்டும். பால் பணியாரமும் அப்படித்தான்.

அப்புறம் முழங்கால். இந்த வீடுகள் தரைமட்டத்திலிருந்து உயர்த்திக் கட்டியவை. தெருப்படி, முகப்பு, நிலைப்படி, முற்றம் என்று ஏறி இறங்கிக்கொண்டே இருக்க வேண்டும். தரைத்தள அறை வேண்டும், சாப்பிடும் இடமும் கீழேயே இருக்க வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். இதில் ஒரு சிக்கல் உண்டு. வளவு என்கிற உள்முற்றப் பகுதியைச் சுற்றியுள்ள கீழறைகள், மகன்களின் குடும்பத்துக்கு ஒன்றாக அந்தக் காலத்தில் கட்டியவை. அளவும் வெளிச்சமும் குறைவாக இருக்கலாம், போட்டோ அனுப்பச் சொல்லிப் பாருங்கள். ஆத்தங்குடிக் கல் (இந்தப் பக்கத்துக் கைவினைத் தரை ஓடு) பதித்த தரை ஈரம் பட்டால் வழுக்கும். குளியலறையில் என்ன தரை, பிடிமானக் கம்பி உண்டா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

வரியை மறந்துவிடாதீர்கள். ஒரு இரவு வாடகை 7,500 ரூபாயைத் தாண்டினால் அறைக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம். 9,000 ரூபாய் அறைக்கு 1,620 ரூபாய் கூடும். அந்த வகை விடுதிகளில் சாப்பாட்டுக்கும் பொதுவாக 18 சதவீதம்தான் போடுவார்கள். சொல்கிற விலை வரியோடு சேர்த்தா என்று கேளுங்கள்.

பல்லவன் எக்ஸ்பிரஸில் வருவதாக இருந்தால், பிற்பகலில் கிளம்பி இரவில்தான் காரைக்குடி சேரும். அன்றைய சாப்பாட்டை ரயிலிலேயே முடித்துவிடுங்கள், விடுதியில் காத்திருக்க வைக்க வேண்டாம். காரில் வந்தால் டிரைவருக்குப் படுக்க இடமும் சாப்பாடும் உண்டா என்று கேட்டு வையுங்கள். பல இடங்களில் அதற்குத் தனிக் கட்டணம்.